மங்குக்குப் பூசிய களிம்பு

செல்ல மகளுக்கு,

சுகமா என்று கேட்க இப்போது நேரமில்லை. முதலில் எழுந்துபோய் முகத்தைக் கழுவு. கழுத்து, மார்பு எல்லாவற்றுக்கும் பாசிப்பயற்று மாவு போட்டு இரண்டு தடவை கழுவு. சேலையையும் ரவிக்கையையும் மாற்றிக்கொள். தலையணை உறையைக் கழற்றி வெந்நீரில் போடு. பயலுடைய கையையும் வாயையும் ஈரத்துணியால் துடைத்துவிடு. அந்தக் களிம்புச் சிமிழை மட்டும் எறிந்துவிடாதே. மூடி, ஒரு துணியில் முடிந்து, யார் கையும் படாத இடத்தில் வை. டாக்டரிடம் காட்ட வேண்டும். அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பாய். தாராளமாக நினைத்துக்கொள், ஆனால் கழுவிவிட்டு வந்து நினைத்துக்கொள். அதற்குப் பிறகு உட்கார்ந்து மீதியைப் படி.

நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வருகிறார், பிள்ளையை முதன்முதலாகப் பார்க்கப் போகிறார் என்று எழுதியிருந்தாய். சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டவள் நாளை எண்ணாமல் வேறு எதை எண்ணுவாள். அடுத்த பக்கம் திருப்பினேன். பிள்ளை பெற்றதிலிருந்து இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்து கறுத்துக் கிடக்கிறது, வயிறெல்லாம் கோடு கோடாக இருக்கிறது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை என்று ஒரே புலம்பல். அதற்குக் கீழே, சந்தையில் ஒரு களிம்பு வாங்கி இருபது நாளாகப் பூசுகிறேன், என்னமாய் வெளுக்கிறது தெரியுமா அம்மா என்று எழுதியிருந்தாய். கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி ஒரு வரி எழுதியிருந்தாயே, பயலுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரிகிறது, ஓயாமல் அழுகிறான், வெயில் காலம் அல்லவா என்று. அதைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓட வழியும் இல்லை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து முறிந்த கால்தான் இன்னும் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறதே.

வெயில் இல்லை தாயி. வெயிலில் தோல் உரியும்தான். வீட்டுக்குள் தொட்டிலில் கிடக்கிற ஐந்து மாதப் பிள்ளைக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டுமா உரியும்? வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை இறுக்கிக்கொள்கிறானா? தலை வேர்த்துக் கொட்டுகிறதா? இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருக்கிறானா? இதெல்லாம் நீ எழுதவில்லை. படிக்கும்போது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறாயோ என்று பயப்படுகிறேன். இல்லை அம்மா, அப்படியெல்லாம் இல்லை என்று நீ சொல்லிவிட வேண்டுமே என்று நேற்றிலிருந்து தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அந்தமாதிரி உரிந்த கையை நான் பார்த்திருக்கிறேன், அது உன்னுடைய கை. நீ ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது நான் உனக்கு வரவழைத்த வியாதி அது. பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. கோபப்படுவதாக இருந்தால் பயலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்து கோபப்படு.

நீ பிறந்தது சுதந்திரம் வந்து மூன்றாம் வருஷம். தலைப்பிரசவம் என்பதால் திண்டுக்கல்லில் என் அம்மா வீட்டில் பெற்றுக்கொண்டு, மூன்றாம் மாதம் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தார்கள். தட்டோடு வந்த பெண்கள் எல்லாரும் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்கள், அதற்கப்புறம்தான் உன்னைப் பார்த்தார்கள். கன்னம் இரண்டிலும், மேலுதட்டிலும், நெற்றியிலும் கறுப்பு திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. கழுத்தும் மார்பும்கூட நிறம் மாறிவிட்டது. டவுனில் கான்வென்டில் எட்டாவது வரை படித்த பெண், சிவப்பான பெண் என்று தேடிப்பிடித்துக் கட்டிவந்தவர்கள் இவர்கள். உன் அப்பா அன்று சாயங்காலம் உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "என்ன, அடுப்புக்கரியத் தொட்டு மூஞ்சில அப்பிக்கிட்டாப்புல இருக்கு" என்றார். கேலிதான். அவர் அப்படித்தான் பேசுவார் என்று உனக்கே தெரியும். அதை நான் கேலியாக எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

நமக்கோ மல்லிகைத் தோட்டம். மொட்டு எடுக்க விடியலில் இறங்கினால் வெயில் ஏறுகிற வரைக்கும் குனிந்த தலை நிமிராது. பச்சை உடம்புக்காரி வரவேண்டாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்க்க ஆள் வருகிறது என்று நானே பிடிவாதமாகப் போனேன். தலையில் துண்டுகூடப் போடவில்லை. வெயில் பட்டுப் பட்டு மங்கு இன்னும் கறுத்தது. ஐந்தாம் மாதம் குலதெய்வக் கோயிலில் உனக்கு முடி எடுத்துக் காது குத்துவதாக ஏற்பாடு. சொந்தபந்தம் அம்புட்டும் வரும், நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார வேண்டும். அந்த நாளை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்கு மாப்பிள்ளை வருகிற நாள் எப்படியோ, எனக்கு அந்தக் காதுகுத்து அப்படி. அதனால்தான் உன் கடிதத்தில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் எனக்குப் புரிகிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் வெட்டியாய் அழகு பார்க்கிறாள் என்று திட்டியிருப்பேன்.

அப்போதுதான் திண்டுக்கல் சந்தையில் ஒரு மருந்துப் பெட்டிக்காரனைப் பார்த்தேன். உன் அப்பா பூவைப் போட்டுவிட்டு வருவதற்குள் ஓடிப்போய்க் கேட்டேன். "மூணு வாரம் பூசும்மா. அப்புறம் ஒன் வீட்டுக்காரரே ஒன்ன யாருன்னு கேப்பாரு" என்றான். சின்னத் தகரச் சிமிழ், உள்ளே வெண்ணெய் மாதிரி வெள்ளைக் களிம்பு, ரோஜா வாசனை. அதைக் கொண்டுவந்து புளிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, காலையிலும் மாலையிலும் யாருக்கும் தெரியாமல் பூசினேன். முகம், கழுத்து, மார்பு எல்லாம். பூசிய கையோடு உன்னைத் தூக்கினேன், பூசிய மார்பில் உன்னைப் போட்டுப் பால் கொடுத்தேன். நீ என் கன்னத்தைச் சப்புவாய், அப்படி ஒரு பழக்கம் உனக்கு. மூன்றே வாரத்தில் வெளுக்கத்தான் செய்தது. கிணற்றடியில் ஒருத்தி, "என்னடி, பொறந்த வீட்டுக் களை திரும்பிருச்சே" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீ அழ ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

இந்த இடத்தில் உன் ராக்கு அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் அப்பாவின் ஒரே தங்கச்சி. அடுத்த தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. நீ வந்த மறுநாளிலிருந்து உன்னைக் குளிப்பாட்டுவது அவள்தான். காலை நீட்டி உட்கார்ந்து, உன்னைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீரைக் கையில் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஊற்றுவாள். ஊற்றும்போதே உன்னோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள், நீயும் பதிலுக்கு ஏதோ சொல்வாய். எனக்கு அந்த நேரம்தான் ஓய்வு. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில்தான் நான் உள்ளே போய்க் களிம்பு பூசுவேன்.

உனக்கு உள்ளங்கை சிவந்தது, தோல் உரிந்தது. பால் குடிக்க மாட்டேன் என்றாய். கழுத்து நிற்கவில்லை, துணியைப் போல் தோளில் கிடந்தாய். வைத்தியம் செய்தோம், தாயத்துக் கட்டினோம், மந்திரித்தோம். கடைசியில் உன் அப்பத்தா, என் மாமியார், கண்டுபிடித்துவிட்டார். தினம் யார் கை படுகிறது? ராக்குவின் கை. கைதானே உரிகிறது? பெற்ற மகள் என்றும் பார்க்கவில்லை. மறுநாள் காலை ராக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது வாசலிலேயே மறித்து, "வேணாம்த்தா, நாளையிலருந்து நீ வராத. புள்ளைக்கு ஒன் கை ஒத்துக்கலை" என்றார். ராக்கு அவரைப் பார்க்கவில்லை, உள்ளே நின்ற என்னைத்தான் பார்த்தாள். நான் உன்னைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ராக்குவின் கைதான் காரணமோ என்று அப்போது எனக்கும் பாதி நம்பிக்கை இருந்தது, அதுவரைக்கும் என் தப்பு பாதித் தப்பு.

முழுத் தப்பு பத்து நாள் கழித்து நடந்தது. உனக்கு மூச்சு இளைத்துவிட்டது. காதுகுத்தும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று உன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வேறு தேசத்துக் கன்னியாஸ்திரி, டாக்டர். தமிழைப் புத்தகத்தில் இருப்பதுபோலப் பேசுவார். ஆண்களை வராந்தாவில் நிறுத்திவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். உன் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு என் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"நீ முகத்தில் என்ன பூசுகிறாய்?"

"ஒண்ணுமில்லம்மா, மஞ்சள்தான்."

"பொய் சொல்லாதே. உன் கன்னம் ஒரு நிறம், காது ஒரு நிறம். குழந்தை சாகட்டும் என்று நினைக்கிறாயா?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிமிழையும் எடுத்து நீட்டினேன். ஆமாம், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடும்போதும் அதை முடிந்துகொண்டு போனேன், அப்படி ஒரு பைத்தியம். அதில் பாதரசம் இருக்கிறது என்றார். பூசினால் மேல்தோல் வெளுக்கும், ஆனால் உள்ளே இறங்கும், பெரியவர்களுக்கே ஆகாது, பிள்ளைக்கு விஷம் என்றார். என் கன்னத்திலிருந்தும் மார்பிலிருந்தும்தான் உன் வாய்க்குப் போயிருக்கிறது. இன்றோடு நிறுத்து, எல்லாவற்றையும் கழுவு, கழுவிய மார்பில் பால் கொடு, குழந்தை பிழைக்கும், ஆனால் நாள் ஆகும் என்றார். எனக்குக் கேட்டது பிழைக்கும் என்ற வார்த்தை ஒன்றுதான்.

வெளியே வந்தேன். உன் அப்பா எழுந்து நின்று, "என்னாம்?" என்றார். "சூட்டு வியாதியாம், மருந்து குடுத்துருக்காக" என்றேன். அவர் என்னிடமிருந்து உன்னை வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, "ராக்கு கைபட்டு வந்ததில்லேன்னு சொன்னாகளா?" என்று கேட்டார். தங்கச்சி மேல் அவருக்கு உயிர். அம்மாவை எதிர்த்துப் பேச ஒரு வார்த்தை கிடைக்காதா என்று கேட்கிறார், எனக்குத் தெரிகிறது. ஆமாம், சொன்னார்கள் என்று சொன்னால், அப்புறம் எதனால் வந்தது என்று கேட்பார். நான், "அதெல்லாம் நான் கேக்கலை" என்று சொல்லிவிட்டேன். இதைவிடக் கேடான வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை தாயி.

நான் களிம்பை நிறுத்தினேன், நீ தேறினாய். ஊர் என்ன சொன்னது தெரியுமா? ராக்கு வருவதை நிறுத்தியதும் பிள்ளை பிழைத்துவிட்டது என்றது. அத்தோடு அவள் கதை முடிந்தது. யார் வீட்டுத் தொட்டில் பக்கமும் அவளை விடவில்லை, வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை. இரண்டு வருஷத்தில் அவள் வீட்டுக்காரர் சுருட்டுக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு, அவளைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கே போய்விட்டார். பேகம்பூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. உனக்கு ஏழு வயதில் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவள் உன்னைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த பூவை உன் தலையில் வைக்க வந்தாள். நீ வீல் என்று கத்திக்கொண்டு என் பின்னால் ஒளிந்தாய். அந்தப் பயத்தை உனக்கு ஊட்டியது அப்பத்தா மட்டுமில்லை, நான் மறுத்துச் சொல்லாததும்தான். உன் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியிலேயே நின்று, சாப்பிடாமல் போனாள். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். உன் அப்பா நாலு வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடும்போதும் தங்கச்சியின் கையால்தான் உனக்கு நோய் வந்தது என்ற நினைப்போடுதான் போனார். சொல்லிவிடலாம் சொல்லிவிடலாம் என்று அந்தக் கடைசி ஒரு மாதமும் அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை.

இப்போது உன் முகத்துக்கு வருகிறேன். பிறகு ஒருமுறை உன்னைக் காட்டப் போனபோது அந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பிள்ளை உண்டானால் பல பெண்களுக்கு மங்கு வரும், அது நோய் இல்லை. சிலருக்கு ஒரு வருஷத்தில் தானே மங்கிப்போகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். வெயில் பட்டால் கறுக்கும், ஆகவே வெளியே போனால் முக்காடு போடு, உச்சி வெயிலில் கொடியில் துணி காயப்போட நீயே ஓடாதே. சோப்பைப் போட்டுத் தேய்க்காதே, பயற்று மாவு போதும். வயிற்றுக் கோடு போகாது. இப்போது சிவப்பாக இருப்பது நாளாவட்டத்தில் வெளுத்துச் சுருங்கும், நமைச்சல் எடுத்தால் தேங்காயெண்ணெய் தடவு. முடி இந்த மாதங்களில் கொட்டத்தான் செய்யும், வழுக்கை விழாது, திரும்ப முளைக்கும். எனக்கும் முளைத்தது. மங்கு மட்டும் களிம்பை விட்டதும் முன்னைவிடக் கறுப்பாக வந்து, அப்புறம் பாதி போயிற்று, பாதி இன்னும் இருக்கிறது. நீ பதினேழு வருஷம் தினமும் பார்த்த முகம். அம்மா முகத்தில் மங்கு இருக்கிறது என்று உனக்கு ஒரு நாளாவது தோன்றியிருக்கிறதா? உன் அப்பாவிடம் ஒருமுறை, அடுப்புக்கரி என்று சொன்னீர்களே என்று கேட்டேன். "நானா? நான் எப்ப சொன்னேன்?" என்றார். நிஜமாகவே அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கானால் அது ஒரு பிள்ளையின் உயிர்வரைக்கும் போய்விட்டது.

டாக்டர் கேட்டால் ஒளிக்காதே. கேட்கும்வரைக்கும்கூட நிற்காதே, சிமிழை மேஜைமேல் வை. பழனி பெரியாஸ்பத்திரிக்குக் காலையில் முதல் பஸ்ஸில் போ, அங்கே தெளியவில்லை என்றால் அப்படியே திண்டுக்கல்லுக்கு வந்துவிடு. உன் மாமியாரிடமும் நீயே சொல்லிவிடு. திட்டினால் திட்டட்டும், என் வளர்ப்பு சரியில்லை என்றால் ஆமாம் என்று சொல்லிவிடு. நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வீட்டிலும் யாராவது ஒருத்தி மேல்தான் பழி போய் விழும். அதற்கு நான் சாட்சி.

இதுவரை எழுதியதைத் தபாலில் போடுவதாகத்தான் இருந்தேன். பிறகுதான் உறைத்தது, இன்று சனிக்கிழமை. பாலசமுத்திரத்தில் உன் கைக்கு வர செவ்வாயோ புதனோ ஆகிவிடும். தந்தி அடிக்கலாமென்றால், பட்டாளத்துக்காரர் வீட்டுக்குத் தந்தி வந்தால் பிரித்துப் படிப்பதற்கு முன்பே ஊர் கூடி அழுதுவிடும். அதில் என்னவென்று எழுதுவது, முகத்தைக் கழுவு என்றா? எனக்கோ எழுந்து நிற்கவே இரண்டு பேர் வேண்டும். உன்னைத் தவிர எனக்குப் பிள்ளை கிடையாது. யாரை அனுப்பலாம், யார் சொன்ன பேச்சை மாற்றாமல் போய்ச் சொல்வார்கள், பிள்ளைக்கு என்றால் யார் போட்டது போட்டபடி ஓடுவார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு பெயர்தான் வந்தது. டவுனுக்குப் பூ கொண்டுபோன பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் ராக்கு வந்துவிட்டாள்.

வாசற்படிக்கு வெளியே நின்று, "கூப்ட்டீகளாம்ல மதினி. கால் எப்டி இருக்கு? பாப்பா நல்லாருக்கால்ல?" என்றாள். அவளுக்கு நீ இன்னும் பாப்பாதான். உள்ளே வா என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் வந்தாள். சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். உன் கடிதத்தைச் சொன்னேன். அப்புறம், உனக்கு மேலே எழுதியதெல்லாம் அவளுக்கு வாயால் சொன்னேன். எழுதுவது சுலபம் தாயி, கட்டிலில் கிடந்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது லேசில்லை. அவள் அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வாசல்ல அண்ணே கேட்டுச்சா, என் கைபட்டு வந்ததானு?" என்றாள்.

"கேட்டாக ராக்கு. நான்தான் சொல்லலை."

"அப்ப எங்கண்ணே கேட்டுச்சு" என்றாள். பதினெட்டு வருஷமாக, கூடப்பிறந்தவனும் ஒரு வார்த்தை கேட்காமல் தன்னை விட்டுவிட்டான் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. அது நியாயம்தான், அவளை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பழனி பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள். இரண்டரை மணி பஸ்ஸில் திண்டுக்கல் போய், அங்கிருந்து பழனிக்கு ஏறினால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன் வீட்டுக்கு வந்துவிடலாம். அடுப்படியில் இருந்த கஞ்சியை நின்றபடியே குடித்துவிட்டு, கடிதம் முடியட்டும் என்று இப்போது என் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறாள். எழுத்து கோணலாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போதுதான் ஒன்று கேட்டாள். அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நான் பதில் சொல்லத் தகுதி இல்லாதவள்.

"கடுதாசியக் குடுத்துட்டு நான் வெளியிலயே நின்னுக்கிறேன் மதினி. பாப்பா படிச்சு முடிக்கட்டும். காலையில ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நானும் கூடப் போறேன். பஸ்ஸுல கூட்டமா இருந்தா, புள்ளைய செத்த நேரம் நான் வச்சுக்கிறலாமா? அந்த வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாகளே?"

மகளே, நீ இதைப் படித்துக்கொண்டிருந்த இத்தனை நேரமும் அவள் உன் வாசலில்தான் நிற்கிறாள். காலைவரைக்கும் காக்க வைக்காதே. போய்ப் பிள்ளையை அவள் கையில் கொடு.

உன் அம்மா